பூ மிதித்த கால்

தனபால் தன் சாக்ஸைத் தானே துவைக்க ஆரம்பித்தபோதுதான் சாந்தாமணிக்குச் சந்தேகம் வந்தது. முப்பத்து மூன்று வருடத்தில் அந்த மனிதர் ஒரு கைக்குட்டையைக்கூட நனைத்துப் போட்டதில்லை. குளித்த ஈரத்துண்டைக் கதவின் மேல் வீசிவிட்டுப் போவார். அது தானாகக் காய்ந்து, தானாக மடிந்து அலமாரிக்குள் போய்விடும் என்பது அவருடைய நம்பிக்கை. அப்படிப்பட்டவர் பத்து நாளாகத் தறிக்குடோன் குழாயடியில் குத்தவைத்து ஒற்றைச் சாக்ஸைக் கசக்கிக்கொண்டிருந்தார். சித்திரை வெயிலில் வீட்டுக்குள்ளும் அதைக் கழற்றவில்லை.

“ஏனுங்க, இந்த வேக்காட்டுல எதுக்குங்க அது?”

“பித்தவெடிப்பு. களிம்பு போட்டிருக்குது. நீ உன்ற சோலியப் பாரு.”

சாந்தாமணி தன் சோலியைப் பார்க்கப் போனாள். பித்தவெடிப்புக்கு நாற்றம் வராது என்று அவளுக்குத் தெரியும். அவர் எழுந்து போன பிறகும் கூடத்தில் ஒரு வாடை நின்றது. பூச்சாடித் தண்ணீரை நாலு நாள் மாற்றாமல் விட்டால் வருகிற வாடை. கட்டிலில் படுப்பதையும் அவர் விட்டிருந்தார். விடிந்து அவள் எழுந்து வரும்போது பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி, வலது காலைத் தொங்கவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பார். காலை மேலே தூக்கி வைத்தால் வலி கூடுகிறது, தொங்கவிட்டால் கொஞ்சம் தணிகிறது என்பதை அவராகவே கண்டுபிடித்திருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டே தூங்க முடியும் என்பதை அவள் அந்த முகத்தில்தான் பார்த்தாள்.

கேட்டிருக்கலாம். ஒரே ஒரு கேள்விதான். பூ சுட்டுப்போட்டுதா?

அந்தக் கேள்வியைத்தான் அவளால் கேட்க முடியவில்லை.

அவிநாசிக்குத் தெற்கே இருக்கிற அவர்கள் ஊரில் பங்குனியில் காளியம்மனுக்குக் குண்டம். நீளமாகக் குழி வெட்டி, விறகை அடுக்கி எரித்து, கங்குகளைத் தட்டி நிரவுவார்கள். அந்தக் கங்குக்கு ஊரில் பெயர் பூ. தீ என்று யாரும் வாய்தவறியும் சொல்வதில்லை. பூ மிதிக்கிறவர்கள் பதினைந்து நாள் காப்புக் கட்டி விரதம் இருப்பார்கள். கறி கூடாது, புகை கூடாது, மனைவி பக்கம் போகக் கூடாது. சாவு வீட்டுக்குப் போகக் கூடாது. காப்புக் கட்டியவர் மட்டுமல்ல, அவர் வீட்டில் யாருமே போகக் கூடாது. விரதம் சுத்தமாக இருந்தால் பூ சுடாது. சுட்டால் எங்கோ குறை. அதனால் குண்டத்துக்கு மறுநாள் ஊரில் யாரும் யாருடைய காலையும் பார்ப்பதில்லை. மருந்துக்கடையில் போய்த் தீப்புண்ணுக்குக் களிம்பு கேட்பதைவிட நொண்டிக்கொண்டு திரிவது மேல். தனபால் பத்தொன்பது வருடமாகக் குண்டம் இறங்குகிறவர். முதல் வரிசையில் இறங்குகிற நான்கு பேரில் ஒருவர். அவர் கால் சுட்டது என்று வெளியே தெரிந்தால் ஊர் அவரைத்தான் சந்தேகிக்கும்.

ஆனால் குறை யாருடையது என்று சாந்தாமணிக்குத் தெரியும்.

காப்புக் கட்டிய பதினோராம் நாள் காலையில் மதுக்கரையிலிருந்து போன் வந்தது. ரங்கம்மாள் போய்விட்டாள். கோயமுத்தூரில் கல்லூரி விடுதியில் அவளும் சாந்தாமணியும் மூன்று வருடம் ஒரே அறை. சாந்தாமணியைச் ‘சாந்தி’ என்று கூப்பிட உலகத்தில் மிச்சமிருந்த ஒரே ஆள் அவள்தான்; மற்ற எல்லோருக்கும் சாந்தாமணி ஒரு அம்மா, ஒரு அண்ணி, தனபால் ஊட்டுக்காரம்மா. துடியலூரில் மகளைப் பார்த்துவிட்டு வருவதாகக் கணவரிடம் சொன்னாள். மதுக்கரைக்குப் போனாள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த முகத்தை இரண்டு நிமிடம் பார்த்தாள். அழவில்லை. அழுதால் கண் வீங்கும், வீட்டில் கேள்வி வரும். அங்கிருந்து துடியலூருக்குப் போய், மகள் வங்கியிலிருந்து வருவதற்குள் தலைக்குக் குளித்து, மகளுடைய சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் ஊர் திரும்பினாள்.

நான்கு நாள் கழித்து அவர் பூ மிதித்தார். அடுத்த வாரம் நொண்ட ஆரம்பித்தார்.

அவள் கேட்டால் அவர், ‘என்ன கொறை வந்துச்சுன்னே தெரியல சாந்தா’ என்பார். அதற்கு மேல் அவளால் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியாது. சொல்லாமல் இருப்பதற்கு ஒரே வழி கேட்காமல் இருப்பது. வெள்ளிக்கிழமைதோறும் கோயிலுக்குப் போய் எலுமிச்சம்பழ விளக்குப் போட்டாள். ‘என்னைச் சுடு தாயே, அவர விட்டுரு’ என்று வேண்டினாள். வீட்டுக்கு வந்து, அவர் நொண்டுவதைப் பார்க்காதவள்போல் வெங்காயம் உரித்தாள். அந்தப் பாராமையைத் தான் செய்கிற ஏதோ ஒரு நோன்பு என்றே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

குண்டம் முடிந்த ஆறாவது வாரம் மகள் வர்ஷினி வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மூக்கைச் சுளித்தாள்.

“என்னம்மா, எலி கிலி செத்துக் கெடக்குதா?”

“குடோன்ல இருக்கும் கண்ணு.”

“குடோன்ல இல்ல. அப்பாகிட்ட இருந்து வருது.”

தனபால் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். வர்ஷினி அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

“கழட்டுங்கப்பா.”

“பேங்க்குல கையெழுத்துப் பாக்கறவளுக்கு என்ற காலுல என்ன வேலை? எந்திரி அம்மணி, போய்க் காப்பி குடி.”

“நீங்களாக் கழட்டறீங்களா, கத்திரிக்கோல் எடுத்துட்டு வரட்டுங்களா?”

அவர் கழற்றவில்லை. அவளே இழுத்தாள். சாந்தாமணி சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். வலது காலின் சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் வற்றல் மிளகாய்போல் கறுத்துச் சுருங்கியிருந்தன. பாதத்தின் ஓரத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் புண். அச்சு வைத்து வெட்டி எடுத்ததுபோல் அதன் விளிம்பு கூராக இருந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில் ஏதோ அடைத்திருந்தது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. முழங்காலுக்குக் கீழே முடியெல்லாம் உதிர்ந்து, தோல் மெழுகு பூசியதுபோல் மினுங்கியது.

வர்ஷினி அப்பாவை விட்டுவிட்டு அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

“உங்களுக்குத் தெரியுமாம்மா?”

தெரியாது என்பது பொய். தெரியும் என்பதும் முழு உண்மையில்லை. தெரிந்துவிடாமல் இருப்பதற்கு அவள் இத்தனை நாள் எவ்வளவு பாடுபட்டாள் என்பதை மகளிடம் எப்படிச் சொல்வது?

மறுநாள் கோயமுத்தூரில் ரத்தக்குழாய் டாக்டர் பிரத்யுஷாவின் அறையில் மூவரும் இருந்தார்கள். டாக்டருக்கு முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். அவசரமில்லாமல் பேசினாள்.

“எத்தனை நாளாங்க இது?”

“பத்து நாளுங்க. செருப்புக் கடிச்சுப்போட்டுது.”

புண்ணைக் கழுவ தாரிக் என்ற டிரெஸ்ஸர் வந்தார். உப்புத்தண்ணீரை மெல்லப் பீச்சினார். புண்ணிலிருந்து சாம்பல் நிறக் குழம்பு கரைந்து தட்டில் வடிந்தது. இன்னும் பீச்சினார், இன்னும் வடிந்தது.

“என்னங்கய்யா, மதுக்கரை சிமென்ட்டை வெச்சுப் பூசிட்டீங்களா?” என்றார் தாரிக்.

டாக்டர் குனிந்து பார்த்தாள். “உள்ள என்னங்க போட்டீங்க?”

“பவுடருங்க.”

“என்ன பவுடர்?”

“வேர்க்குருப் பவுடருங்க.”

சாந்தாமணி தட்டைப் பார்த்தாள். அந்த நிறம் அவளுக்குத் தெரியும். குண்டம் ஆறிய பிறகு அள்ளிச் சலித்து வைக்கிற சாம்பலைத்தான் அவர்கள் ஊர்க் கோயிலில் வருடம் முழுவதும் திருநீறாகத் தருவார்கள். பூஜை அறைச் சம்புடத்தில் அது ஏன் இவ்வளவு சீக்கிரம் குறைகிறது என்று போன வாரம்தான் அவள் யோசித்தாள். இவர் அதைத் தினமும் கிள்ளி எடுத்துப் புண்ணுக்குள் அடைத்திருக்கிறார். சுட்டவளிடமே மருந்து கேட்டிருக்கிறார். ஒரே கூரைக்கு அடியில் அவள் விளக்குப் போட்டுக்கொண்டிருந்தாள், அவர் சாம்பல் வைத்துக்கொண்டிருந்தார். இருவரும் ஒருத்தியிடமே கெஞ்சிக்கொண்டிருந்தார்கள், ஒருவருக்கொருவர் தெரியாமல்.

“திருநீறுங்க” என்றாள்.

“சாந்தா.” அவர் குரல் எச்சரித்தது.

“செருப்புக் கடி இல்லீங்க டாக்டர். பத்து நாளும் இல்லீங்க, நாப்பது நாளாச்சு. குண்டம் எறங்குனாருங்க. பூ சுட்டுப்போட்டுது.” கணவரைப் பார்க்காமல் டாக்டரையே பார்த்தாள். “ஆனா அவரு மேல தப்பில்லீங்க. காப்புக் கட்டியிருக்கறப்போ நான் சாவு ஊட்டுக்குப் போயிட்டு வந்தனுங்க. இவருகிட்டச் சொல்லாமப் போனேன்.”

தாரிக்கின் கை நின்றது. வர்ஷினி சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். தனபால் யாரையும் பார்க்கவில்லை. டாக்டர் சிரிப்பாள் என்று சாந்தாமணி எதிர்பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை. பேனாபோல் ஒரு கருவியை எடுத்து, அவர் முழங்கை மடிப்பில் பசை தடவி வைத்தாள். உஸ்க், உஸ்க் என்று பலமாகச் சத்தம் கேட்டது.

“இது ரத்தம் ஓடுற சத்தம். இப்பக் கேளுங்க.”

வலது பாதத்தின் மேல் வைத்தாள். வெறும் இரைச்சல். நகர்த்தி நகர்த்தி வைத்தாள். வெகுதூரத்தில் யாரோ பெருமூச்சு விடுவதுபோல் ஒன்று வந்தது, போனது. கையிலும் கணுக்காலிலும் பட்டையைக் கட்டி அழுத்தம் பார்த்தாள்.

“கையில நூத்தி நாப்பது. கணுக்கால்ல ஐம்பது. ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும்ங்க.” கருவியைத் துடைத்து வைத்தாள். “எவ்வளவு தூரம் நடப்பீங்க?”

“எவ்வளவு வேணாலும் நடப்பனுங்க.”

“நிக்காம?”

சாந்தாமணிக்கு இரண்டு வருடத்து மாலைநடைகள் ஞாபகம் வந்தன. வீட்டிலிருந்து கிளம்பினால் பஷீரின் பஞ்சர் கடையில் ஒரு நிறுத்தம். வாங்கப்போகாத டயரின் விலை. அடுத்தது ரேஷன் கடை, அங்கே யாரிடமாவது மழையைப் பற்றி. அடுத்தது பால் சொசைட்டி. ‘ஊர்க்கதை பேசறதுல பொம்பளைங்க தோத்தாங்க உங்ககிட்ட’ என்று அவள் எத்தனை முறை குத்திக்காட்டியிருக்கிறாள்! நிற்கும்போதெல்லாம் அவர் குனிந்து கெண்டைக்காலைப் பிசைந்துகொண்டிருந்தது அவள் கண்ணில் இப்போதுதான் பட்டது.

“கெண்டச்சத புடிச்சு இழுக்குமுங்க” என்றார் தனபால் கடைசியில். “ரெண்டு நிமிசம் நின்னா விட்டுரும்.”

“சிகரெட்?”

“நாளுக்கு ஒரு பாக்கெட்டுங்க. நாப்பது வருசமா.”

டாக்டர் ஒரு தாளில் தொடையிலிருந்து பாதம்வரை கோடு இழுத்து, தொடை நடுவில் பேனாவால் அழுத்திக் கறுப்பாக்கினாள். “இங்க அடைச்சிருக்குதுங்க. பல வருசமா அடைச்சுட்டே வந்திருக்கு. உங்ககூட எறங்குனவங்க பல பேருக்கும் லேசாச் சூடு பட்டிருக்கும். அவங்க காலுக்கு ரத்தம் போகுது, பத்து நாள்ல ஆறிப்போச்சு. உங்க காலுக்குப் போகல. செருப்பே கடிச்சிருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும்.”

“அப்போ நான் போனது?” என்றாள் சாந்தாமணி.

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்கம்மா.” கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: “ஆனா ஒரு மாசம் முன்னாடி வந்திருந்தா அந்த ரெண்டு விரலும் தப்பிச்சிருக்கலாம். இனி காலைக் காப்பாத்தறதுதான் வேலை.”

நாற்பது நாள் சுமந்த பாவத்தை யாரோ இறக்கி வைத்ததுபோல் இருக்க வேண்டும். அப்படி இல்லை. அதை எடுத்ததும் அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. பாவம் என்றால் மன்னிப்புக் கேட்டுக்கொள்ள ஒருத்தி இருந்தாள். கல்லாக இருந்தாலும் அவளுக்கு ஒரு முகம் இருந்தது. பார்க்காமல் இருந்ததற்கு, வெங்காயம் உரித்ததற்கு, யாரிடம் போய் விளக்குப் போடுவது? அது அவளுக்கும் அந்த இரண்டு விரல்களுக்கும் நடுவில் மட்டும் இருந்தது.

ஸ்கேன் அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்தார்கள். வர்ஷினி பணம் கட்டப் போயிருந்தாள். தனபால் கேட்டார்.

“மதுக்கரைக்கா போன?”

“ம்.”

“சொல்லியிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன்.”

“அதுக்குத்தான் சொல்லலீங்க.”

ஒரு படுக்கையைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர் காலை இழுத்து வைத்துக்கொண்டார்.

“பதிமூணாம் நாளு குடோனுக்குப் பொறத்தால ஒண்ணு ஊதுனேன்” என்றார். “ஒண்ணே ஒண்ணு. பாதியிலயே அமுத்திப்போட்டேன். அதனாலதான் சுட்டுதுன்னு நெனச்சுட்டிருந்தேன். உன்னையச் சொல்லிக் குத்தமில்ல.”

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். “நாப்பது வருசமா ஊதுனதையெல்லாம் உட்டுப்போட்டு, அந்த அரைச் சிகரெட்டுக்கா பயந்தீங்க?”

“நீ மட்டும்?”

சிரிப்பு வரும்போல் இருந்தது. இருவருக்கும் வரவில்லை. ஆனால் அவர் தன் வலது காலை நீட்டி, அவள் பார்க்கும்படி வைத்தார். அவள் பார்த்தாள்.

இரண்டு நாள் கழித்து இடுப்பு மடிப்பின் வழியாகக் கம்பி விட்டு, அடைப்புக்குள் பலூனை ஊதி விரித்து, குழாய் மறுபடி சுருங்காமலிருக்கச் சிறு வலைக்குழல் வைத்தார்கள். அந்தச் சாயங்காலம் பாதத்தின் மேல் கருவியை வைத்தபோது சத்தம் கேட்டது. கையில் கேட்டதுபோல் பலமாக இல்லை. ஆனால் விடாமல் கேட்டது. அடுத்த வாரம் கறுத்த இரண்டு விரல்களையும் எடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் எதையும் மறைக்கவில்லை. குழாய் திறந்துவிட்டது, புண் ஆற வேண்டும். ஆறாவிட்டால், மறுபடி அடைத்தால், முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, கொழுப்புக்கு மாத்திரை. சிகரெட் இனி ஒன்றுகூடக் கிடையாது. புண் ஆறியதும் தினம் நடக்க வேண்டும்; வலித்தால் நின்று, விட்டதும் மறுபடி நடக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தினமும் இரண்டு கால்களையும் பார்க்க வேண்டும். அடியில், விரலிடுக்கில், குதிகாலில். ஆயுள் முழுக்க.

வீட்டில் கட்டுப் பிரித்துக் கட்டுகிற வேலையைச் சாந்தாமணி எடுத்துக்கொண்டாள். தாரிக் கற்றுக்கொடுத்திருந்தார்: கை கழுவு, உப்புத்தண்ணீர், ஒற்றி எடு, தேய்க்காதே, மஞ்சள் கூடாது, வெந்நீர் கூடவே கூடாது. ஒருநாள் விட்டு ஒருநாள். அவள் பிரிக்கும்போதெல்லாம் தனபால் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். விரல்களை எடுத்த பிறகு அந்தக் காலை அவர் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. விரல் எடுத்த தையல் மெல்ல மூடிக்கொண்டு வந்தது. ஓரத்துப் புண் மட்டும் மூன்று வாரமாக அப்படியே இருந்தது. மஞ்சளாக, உலர்ந்து, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாத ஆளைப்போல.

ஒருநாள் காலை அவள் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தபோது நஞ்சுண்டன் வந்தார். தனபாலுக்குப் பெரியப்பா மகன்; அவரோடு முதல் வரிசையில் குண்டம் இறங்குகிறவர். கட்டிலருகில் நாற்காலியைப் போட்டு, பிளாஸ்கிலிருந்த காப்பியைத் தானே டம்ளரில் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தார். துணியை மூடலாமா என்று சாந்தாமணி கணவரைப் பார்த்தாள். அவர் தலையசைக்கவில்லை.

“என்ன தனபாலு இப்படி ஆகிப்போச்சு? சக்கரையா?”

“சக்கரை இல்லீங்கண்ணா.”

“பொறவு?”

சாந்தாமணியின் கை பஞ்சோடு நின்றது. சக்கரை என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஊரில் பாதிப் பேருக்கு அதுதான். யாரும் மேற்கொண்டு கேட்கப் போவதில்லை.

“குண்டத்துல சுட்டுதுங்கண்ணா” என்றார் தனபால். “காலுல ரத்தமே ஓடாமத்தான் எறங்கியிருக்கேன். சிகரெட்டு பண்ணுன வேலை. சுட்டதுகூடப் பெரிசில்லைங்கறாங்க. நாப்பது நாளு மூடி வெச்சம் பாருங்க, அதான்.”

நஞ்சுண்டன் கையிலிருந்த காப்பி டம்ளரைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். “அதெல்லாம் வெளிய சொல்லாதப்பா” என்றார் மெதுவாக.

“சொல்லீட்டனே.”

“வர்ற வருசம்…”

“நான் எறங்கலீங்கண்ணா. டாக்டரு கூடாதுன்னுட்டாங்க. வேற ஆளப் பாருங்க. எறங்கறவங்க காலையும் பாக்கச் சொல்லுங்க.”

நஞ்சுண்டன் காப்பியைப் பாதி குடித்துவிட்டு எழுந்தார். வாசலில் செருப்பு மாட்ட அவருக்கு வெகுநேரம் ஆனது. மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்று சாந்தாமணி நினைத்தாள். என்னவெல்லாம் பேசுவார்கள் என்றும் தெரியும். பயம் வந்தது, ஆனால் பழைய பயமாக இல்லை. பார்த்துக்கொண்டே பயப்பட முடிகிற பயம்.

குனிந்து பஞ்சை நனைத்துப் புண்ணின் ஓரத்தை ஒற்றினாள். கையை எடுத்தபோது பஞ்சில் சிவப்பாக ஒரு புள்ளி. தன் நகம் பட்டுவிட்டதோ என்று பதறி மறுபடி பார்த்தாள். மஞ்சள் நிறம் படிந்திருந்த இடத்தின் விளிம்பில், மாதுளை முத்தின் நுனியளவுக்குச் சிவப்பாக ஒன்று முளைத்திருந்தது. அதிலிருந்துதான் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. இத்தனை நாளில் அந்தப் புண் ஒருமுறைகூட ரத்தம் விட்டதில்லை. செத்த இடத்தில் ரத்தம் வராது. வந்தால் அந்தக் காலுக்குள் ரத்த ஓட்டம் வந்து சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

“ஏனுங்க.”

“என்ன, சீழ் வெச்சுப்போட்டுதா?” அவர் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்.

“ரத்தம் வருதுங்க.”

“துடைச்சுட்டுக் கட்டு.”

“கட்டறேன். மொதல்ல இங்க பாருங்க.”

“நீயே பாரு.”

“நான் பாத்தாச்சுங்க. நீங்க பாருங்க.”

அவர் அசையவில்லை. அவளும் விடவில்லை; குதிகாலைத் தன் உள்ளங்கையில் ஏந்தியபடி காத்திருந்தாள். பாதம் வெதுவெதுவென்று இருந்தது. கடைசியில் தனபால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். விரல்கள் இல்லாத இடத்தை முதலில் பார்த்தார். அதிலேயே வெகுநேரம் கண் நின்றது. பிறகு மெல்ல இறங்கி, ஓரத்துக்கு வந்தது.

“எங்க?” என்றார்.

சாந்தாமணி விரலால் தொடாமல் காட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, இன்னும் குனிந்தார்.